இருவர் பேசும் காட்சியை ஒரே கேமராவில் எடுப்பது எப்படி

குறும்படம் எடுக்கத் தொடங்குபவர்கள் மழைக் காட்சி, துரத்தல், ட்ரோன் ஷாட் என்று பெரிய செலவுகளைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் எடிட்டிங்கில் அவர்களை முதலில் காலை வாரிவிடுவது ஓர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிதான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எங்கோ பார்த்துப் பேசுவதுபோலத் தெரிவதும், ஒரு ஷாட்டில் இடது கையில் இருந்த டம்ளர் அடுத்த ஷாட்டில் வலது கைக்குப் போயிருப்பதும் பெரும்பாலும் காட்சியை ஷாட்டுகளாகப் பிரிக்கும்போதே விழுந்துவிட்ட பிழைகள். எடுத்துக்காட்டுக்கு, ஓர் அண்ணனும் தங்கையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, பூர்வீக வீட்டை விற்பதா வேண்டாமா என்று பேசுவதாக வைத்துக்கொள்வோம். இருவர் முன்னாலும் காப்பி டம்ளர் இருக்கிறது.

கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அண்ணனின் கண்ணிலிருந்து தங்கையின் கண்ணுக்கு ஒரு நேர்கோடு ஓடுவதாகக் கற்பனை செய்து, அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் கேமரா நிற்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். காட்சி முடியும்வரை எல்லா ஷாட்டுகளும் அந்த 180 டிகிரி அரைவட்டத்துக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும். கேமராவிலிருந்து பார்க்கும்போது அண்ணன் இடப்பக்கமும் தங்கை வலப்பக்கமும் இருந்தால், அண்ணன் எப்போதும் திரையின் வலப்பக்கம் பார்ப்பார், தங்கை எப்போதும் இடப்பக்கம் பார்ப்பாள். இரண்டு குளோசப்பையும் தனித்தனியே எடுத்து ஒட்டினாலும் அவர்கள் எதிரெதிரே இருப்பதாகப் பார்ப்பவரின் மனம் ஏற்றுக்கொள்ளும். ஒரே ஒரு ஷாட்டுக்குக் கோட்டைத் தாண்டிவிட்டாலும் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதாகிவிடும். கோட்டைத் தாண்டவே கூடாது என்பதில்லை. கேமரா நகர்ந்து தாண்டுவதையோ, நடிகர் எழுந்து இடம் மாறுவதையோ ஷாட்டுக்குள்ளேயே காட்டிவிட்டால் பார்ப்பவர் குழம்ப மாட்டார். ஆனால் முதல் முயற்சியில் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

எந்தப் பக்கம் நிற்பது என்பதை வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். நேர் வெயில் விழாத ஒரு சன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டு, சன்னல் கோட்டின் ஒரு பக்கமும் கேமரா மறுபக்கமும் இருக்குமாறு அமையுங்கள். அப்போது இருவர் முகத்திலும் கேமராவுக்கு அப்பால் இருக்கும் கன்னம் வெளிச்சமாகவும் நம் பக்கம் உள்ள கன்னம் மெல்லிய நிழலாகவும் விழும். முகத்துக்கு உருவமும் ஆழமும் வந்துவிடும். நிழல் அதிகமாக இருந்தால் கேமரா பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினால் போதும். அறையின் ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் ட்யூப் லைட்டும் கலந்தால் தோலின் நிறம் கெடும், பின்னால் சரிசெய்வதும் கடினம். வானம் மேகமூட்டமாக இருக்கும் நாள் இந்தக் காட்சிக்கு உண்மையில் அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் நேரம் போகப்போக வெளிச்சம் பெரிதாக மாறாது.

கேமராவில் தானாக இயங்கும் எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நொடிக்கு 25 பிரேம் (தனிப்படம்), ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வைத்தால் விளக்கு எரியும் இடங்களிலும் படத்தில் பட்டை ஓடாது, அசைவும் இயல்பாக இருக்கும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வின் என்று நிறுத்திவிடலாம். போனில் எடுப்பவர்கள், போனோடு வரும் கேமரா செயலி இவற்றைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும் என்பதால், இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா போன்ற ஒரு செயலியைப் பயன்படுத்துவது நல்லது.

இனி ஷாட்டுகள். முதலில் இருவரும் முழுதாகத் தெரியும் மாஸ்டர் ஷாட்டில் காட்சியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் எடுங்கள். நடிகர்களுக்கு அது ஒத்திகையாகவும் இருக்கும், பின்னால் எந்த ஷாட் கெட்டுப்போனாலும் ஒதுங்க ஓர் இடமாகவும் இருக்கும். அடுத்து, நம் படப்பிடிப்புத் தளங்களில் சஜஷன் என்று சொல்லப்படும் தோளுக்கு மேலான ஷாட். தங்கையின் இடத் தோள் பிரேமின் வலது ஓரத்தில் மங்கலாகத் தெரிய, அதைத் தாண்டி அண்ணனின் முகம் தெரிய வேண்டும். அதே பக்கத்திலிருந்து அண்ணனின் குளோசப்பையும் எடுத்து முடித்த பிறகுதான் கேமராவைத் தங்கை பக்கம் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு அண்ணனின் வலத் தோள் இடது ஓரத்தில் வரும். வசனத்தின் வரிசைப்படி ஆளுக்கொரு ஷாட்டாக மாறிமாறி எடுக்க முனைந்தால் ஒவ்வொரு முறையும் ட்ரைபாடையும் தெர்மாகோலையும் இடம் மாற்றியே பொழுது போய்விடும்.

தங்கை பக்கம் திரும்பும்போது லென்ஸ், கேமராவின் உயரம், முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரம் மூன்றும் அண்ணனுக்கு வைத்த அதே அளவில் இருக்க வேண்டும். ஓர் இன்ச் டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காட்சியில் ஒருவருக்கு மேலாதிக்கம் இருக்கிறது என்று காட்ட இந்தச் சமநிலையைத் தெரிந்தே குலைக்கலாம். தெரியாமல் குலைந்தால் அது வெறும் பிசகாகத்தான் தெரியும். குளோசப்புக்காக, அகலமான பரப்பைக் காட்டும் வைட் லென்ஸை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 50 முதல் 85 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்தமானது. போனில் டெலி லென்ஸ் (தூரத்தில் உள்ளதைப் பெரிதாகக் காட்டுவது) இருந்தால் அதைப் போட்டுச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். ஒரே ஆளைக் காட்டும் அடுத்தடுத்த இரண்டு ஷாட்டுகளுக்கு இடையே கோணம் 30 டிகிரியாவது மாறட்டும். கோணம் மாறாவிட்டால் அளவாவது நன்றாக மாற வேண்டும். இரண்டுமே கொஞ்சமாக மாறினால் வெட்டும் இடத்தில் படம் குதிப்பது தெரியும்.

குளோசப்பில் உயிர் இருப்பது பார்வையில். அண்ணனின் குளோசப் ஓடும்போது தங்கையாக நடிப்பவர் போனைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்காரக் கூடாது. கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது லென்ஸை ஒட்டி அதன் வலப்பக்கம், தன் கண் அதே உயரத்தில் இருக்குமாறு உட்கார்ந்து, தன் வசனத்தை முழு உணர்ச்சியோடு சொல்ல வேண்டும். எதிரே வெறும் சுவரைப் பார்த்துப் பேசும் நடிகரின் கண் அலைவது குளோசப்பில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். "வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்" என்று அண்ணன் சொல்லி முடித்ததும் தங்கை உடனே பதில் சொல்லாமல் ஒரு மூச்சளவு நிறுத்திவிட்டுப் பேசினால், இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. எடிட்டிங்கில் இடைவெளியைக் குறைக்கலாம், ஒட்டிக்கொண்ட குரல்களைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. கேட்பவரின் முகத்தையும் முழுக் காட்சிக்கும் எடுத்து வையுங்கள். விற்கப்போகும் செய்தியைச் சொல்லும் முகத்தைவிட, அதைக் கேட்கும் முகமே பெரும்பாலும் நல்ல ஷாட்.

டம்ளரின் கணக்கு மாஸ்டர் ஷாட்டிலேயே முடிவாகிவிட வேண்டும். எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தார், எந்தக் கையால், எந்தச் சொல்லில் கீழே வைத்தார் என்பதை ஒருவர் வசனத் தாளிலேயே குறித்துக்கொண்டு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நடிகருக்கு நினைவூட்ட வேண்டும். காப்பியின் அளவையும் மேசையையும் படமெடுத்து வைப்பதும் உதவும். குடிப்பதுபோல நடித்தால் போதும் என்றாலும் டம்ளரில் தண்ணீராவது இருக்கட்டும். காலி டம்ளரைத் தூக்கும் கை பொய் சொல்வது தெரியும்.

ஒலியைப் பொறுத்தவரை, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. டப்பிங் செய்வதாக இருந்தாலும் தளத்தில் தெளிவான ஒலி இருந்தால்தான் நடிகர் தன் ஏற்ற இறக்கத்தை மீண்டும் பிடிக்க முடியும். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். படப்பிடிப்பு முடிந்து ஃபிரிட்ஜை மீண்டும் போட மறந்துவிடாமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைக்கும் பழைய தந்திரம் இன்றும் பலனளிக்கிறது. மைக் பிரேமுக்கு வெளியே எவ்வளவு அருகில் வர முடியுமோ அவ்வளவு அருகில் வரட்டும்; சத்தமான வசனத்திலும் ஒலி அளவைக் காட்டும் மானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒலியைத் தனிக் கருவியில் பதிவதானால் பின்னால் படத்தோடு ஒலியைப் பொருத்துவதற்காக ஒவ்வொரு டேக்கிலும் கிளாப் அடியுங்கள், கைதட்டினாலும் போதும். எல்லாம் முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் அமைதியை 30 நொடி பதிவு செய்யுங்கள்.

எடிட்டிங்கில் புராஜெக்டை 25 பிரேமுக்கு அமைத்துவிட்டுத்தான் முதல் கிளிப்பை உள்ளே கொண்டுவர வேண்டும். பேசுபவரின் வசனம் முடிந்த பிறகே அடுத்த முகத்துக்கு வெட்டுவது என்று வைத்துக்கொண்டால் காட்சி ஊஞ்சல்போல ஆடும். ஆகவே அண்ணன் "வித்துடலாம்" என்று சொல்லும்போதே படத்தைத் தங்கைக்கு மாற்றி, அவர் குரல் அவள் முகத்தின்மேல் ஓடி முடியுமாறு விடுங்கள். வெட்டும் இடங்களில் பின்னணி ஒலி மாறுவது கேட்டால், பதிவு செய்து வைத்த அறையின் அமைதியை முழுக் காட்சியின் அடியிலும் விரித்து, ஒவ்வொரு ஒலித் துண்டின் இரு முனைகளிலும் ஒன்றிரண்டு பிரேமுக்கு ஃபேடு (ஒலி மெல்ல ஏறி இறங்குவது) கொடுங்கள்.