பாலர் பள்ளிக்கு வலிப்பு ஸ்பிரே கொடுத்து அனுப்பும் முன்

பிரீ-கேஜி, எல்கேஜி போகும் பிள்ளைக்கு மருத்துவர் வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருக்கிறாரா? பாட்டிலை மிஸ் கையில் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்

"தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்ற வரி மிஸ்ஸுக்கு உதவாது. எத்தனை நிமிடம் கழித்து, எத்தனை பஃப் (ஒரு அழுத்து ஒரு பஃப்) என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். கை கால் வெட்டி இழுக்கும் வலிப்புக்கு 5 நிமிடம் என்பதே பொதுவான எல்லை. மூக்கு வழி அளவு வழக்கமாகக் கிலோவுக்கு 0.2 மி.கி. 15 கிலோ பிள்ளைக்கு 3 மி.கி. ஒரு பஃப்புக்கு 0.5 மி.கி. வரும் பாட்டில் என்றால் 6 பஃப், ஒரு மூக்குத் துளைக்கு மூன்று. இது கணக்கு புரிவதற்காகத்தான். உங்கள் பிள்ளைக்கான எண்ணை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 12 கிலோவில் எழுதிய 5 பஃப், எடை கூடியபின் போதாமல் போகும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எடை பார்த்துச் சீட்டை மாற்றுங்கள். புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் ஒரு பஃப்புக்கு எத்தனை மி.கி. என்று லேபிளில் பாருங்கள்.

எங்கே வைப்பது

பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், வகுப்பறையிலேயே, பூட்டாமல். ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினால் சாவி தேடுவதிலேயே நேரம் போய்விடும். ஜிப் பையில் ஸ்பிரே, சீட்டு நகல், டிஷ்யூ, இரண்டு போன் எண்கள். பிள்ளை விளையாட்டுத் திடலுக்குப் போனால் பையும் போக வேண்டும்.

எல்லோரும் தவறும் இடம்

மாதக்கணக்கில் சும்மா இருந்த பாட்டிலின் பம்ப்பில் காற்று நிற்கும். முதல் அழுத்தில் மருந்து வராது, வந்தாலும் அரைகுறை. அதை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டால் டோஸ் குறைந்துவிடும். மெல்லிய பனிபோல் வரும்வரை காற்றில் அழுத்திவிட்டுப் பிறகுதான் மூக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும்.

அடுத்தது பாட்டிலின் சாய்வு. வலிப்பில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்போம், அது சரி. அந்த நிலையிலேயே பாட்டிலைப் படுக்க வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் குழாய் மருந்தைத் தொடாமல் காற்றை இழுக்கும். எச்சிலைத் துடைத்து, தலையையும் தோளையும் மடியில் சற்று உயர்த்தி, பாட்டிலை முடிந்தவரை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு துளையிலும் மாற்றி மாற்றி அடியுங்கள். முடிந்ததும் உடனே ஒருக்களித்துவிடுங்கள்.

இதை வாயால் சொன்னால் மனதில் நிற்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்கு ஸ்பிரே ஒன்று வாங்கி, மிஸ், ஆயா இருவரையும் ஒரு பொம்மையின் மேல் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சி பாட்டிலை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அவசரத்தில் அது கைக்கு வரக் கூடாது.

அந்த நேரத்தில்

வலிப்பு தொடங்கியதுமே போனில் ஸ்டாப்வாட்ச். பதற்றத்தில் ஒரு நிமிடமே ஐந்தாகத் தெரியும். வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவி வைப்பதால் வலிப்பு நிற்காது. ஒருவர் மருந்து கொடுக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். பள்ளியில் மருந்து கொடுக்கும் நிலை வந்தாலே அழைப்பதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. மூச்சுத் திணறினாலோ உதடு நீலமானாலோ 5 நிமிடம் வரை காத்திருக்காமல் அழையுங்கள்.

வலிப்பு நின்றபின் பிள்ளை தூங்கும். மிடாசோலம் மூச்சை மந்தமாக்கக் கூடியது என்பதால் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். நன்றாக விழிக்கும்வரை பால், பிஸ்கட் கூடாது. சீட்டில் எழுதாத இரண்டாவது டோஸும் கூடாது.

பிறகு சேர்த்தவை

சளி பிடித்திருந்தால் மூக்கைத் துடைத்துவிட்டு அடியுங்கள். சளி அடைத்திருந்தால் மருந்து சரியாக உள்ளே ஏறாது.

வேனில் போகும் பிள்ளைக்கு வேன் ஆயாவிடம் இன்னொரு பாட்டில் வேண்டும், அவருக்கும் அதே பயிற்சி. பாட்டிலை வேனிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிச் சூட்டில் மருந்து கெடும். இறங்கும்போது அவர் கையோடு எடுத்துச் செல்லட்டும்.