என்ஜின் மாற்றிய பழைய காரில் ஹெட்டர் இடிக்கிறதா? சரிசெய்யும் முறை

பழைய காரில் வேறு என்ஜினை இறக்கினால் எக்ஸாஸ்ட் ஹெட்டர், அதாவது சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி, எங்காவது இடிக்கத்தான் செய்யும். அந்த என்ஜின் அறையை வேறொரு என்ஜினுக்காக அளந்து கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் சிக்கும் இடங்கள்: ஸ்டீயரிங் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், சேஸிஸ் சட்டம், கிளட்ச் லிங்கேஜ், பிரேக் குழாய். இடிப்பதைக் கண்டதும் சுத்தியலைத் தேட வேண்டாம். முதலில் என்ஜின் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து பக்கத்து பாகங்களை நகர்த்துங்கள். குழாயில் கை வைப்பது கடைசி.

வண்டி நிற்கும்போது விரல் நுழைகிறது என்பதெல்லாம் அளவே இல்லை. என்ஜின் அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சாயும். முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுழலும் என்ஜின், பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் இருந்தால், முன்னே போகையில் வண்டியின் (ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால்) இடது பக்க ஹெட்டர் மேலே ஏறும், வலது பக்கம் இறங்கும். ரிவர்ஸில் இது நேர்மாறு. சூடும் சேர்ந்துகொள்ளும். 800 மி.மீ. நீளக் குழாய் 500 டிகிரி சூடேறினால் சாதாரண இரும்பில் சுமார் 5 மி.மீ., ஸ்டெயின்லெஸ்ஸில் சுமார் 7 மி.மீ. நீளும். குளிர்ந்த நிலையில் 6 மி.மீ. இடைவெளி விட்டு மூடிய வண்டி, சாலையில் வால்வு தட்டுவதுபோல் டக்டக் என்று சத்தம் போடுவது இதனால்தான். வால்வை இயக்கும் டாப்பெட்டைச் சரிபார்த்தே பல நாள் வீணாகிவிடும். அடியில் படுத்து, குழாயிலோ ஷாஃப்ட்டிலோ நகம் அளவுக்குப் பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அளக்க எளிய வழி களிமண். பொம்மை செய்யும் களிமண்ணை இறுக்கமான இடங்களில் அப்புங்கள். கியர்பாக்ஸ் மவுண்ட், என்ஜின் மவுண்ட் எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு, மரக்கட்டை அண்டை கொடுத்து நெம்புகோலால் என்ஜினை இரு பக்கமும் சாய்த்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுழற்றுங்கள். கிளட்ச்சையும் மிதித்துப் பாருங்கள். பிறகு களிமண்ணைக் கத்தியால் அறுத்து, மிக மெலிந்த இடத்தின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். சாய்க்காத நிலையில் சேஸிஸுக்கு 12 மி.மீ., ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுக்கு 20, பிரேக், பெட்ரோல் குழாய்களுக்கு 50 என்று இலக்கு வையுங்கள். சாய்த்த நிலையிலும் எங்கும் ஒட்டக்கூடாது.

ரப்பர் தளர்ந்த பழைய மவுண்ட்டை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். புதிய மவுண்ட் போட்டாலே என்ஜின் சில மில்லிமீட்டர் உயரும். இன்னும் தேவையானால் மவுண்ட்டுக்கு அடியில் 3 முதல் 6 மி.மீ. எஃகுத் தகடு வைக்கலாம், அல்லது என்ஜினை மவுண்ட்டோடு இணைக்கும் அடாப்டர் தகட்டில் துளையை நகர்த்தி என்ஜினை முன்பின் தள்ளலாம். என்ஜினை நகர்த்தினால் பானெட், ரேடியேட்டர் ஃபேன், ஆயில் சம்ப், புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கோணம் நான்கையும் மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள யூ-ஜாயின்ட் (கோணத்திலும் சுழலவிடும் இணைப்பு) கோணங்களும் 1 முதல் 3 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்கு மேல் வித்தியாசமில்லாமல் இருக்கட்டும். இல்லையென்றால் ஹெட்டர் தப்பும், வண்டி அதிரும்.

ஸ்டார்ட்டர் இடித்தால் கியர் குறைப்பு உள்ள சிறிய வகைக்கு மாறுங்கள். மோட்டாரைத் திருப்பிப் பொருத்தப் பல துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இடைவெளி கிடைத்த பிறகும் ஹெட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே சூடு தடுக்கும் தகடு கட்டாயம் வேண்டும். சூட்டில் செம்புச் சுருளின் மின்தடை கூடி, ஓட்டி நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பத் திணறும்.

ஸ்டீயரிங் ஷாஃப்ட்டை யூ-ஜாயின்ட் வைத்து வளைத்து எடுக்கலாம். ஒரு ஜாயின்ட்டின் கோணம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மூன்று ஜாயின்ட் போட்டால் நடுவில் தாங்கு பேரிங் அவசியம், இல்லாவிட்டால் ஷாஃப்ட் துள்ளும். ஜாயின்ட்டின் திருகு உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டில் சிறு குழி துளைத்து, திருகுப் பசை போட்டு இறுக்குங்கள். உயிர் இதில்தான் இருக்கிறது. இந்த வேலையில் அவசரம் வேண்டாம்.

இதற்கும் வழியில்லை என்றால்தான் குழாயைத் தட்டுவது. ஹெட்டரைக் கழற்றி, என்ஜினோடு போல்ட் போட்டுச் சேரும் முகப்புத் தகட்டைத் தடித்த இரும்புப் பலகையிலோ பழைய சிலிண்டர் ஹெட்டிலோ போல்ட் போட்டுக் கட்டுங்கள். சூட்டில் முகப்பு கோணாமல் இருக்க இது வேண்டும். தட்ட வேண்டிய இடத்தை கேஸ் சுடரால் செக்கச் சிவக்கக் காய்ச்சி, 25 மி.மீ. உருளைக் கம்பியைக் குழாயின் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் தட்டுங்கள். சுத்தியல் நேரே பட்டால் மடிப்பு விழும், மடிப்பில் விரிசல் வரும். 44 மி.மீ. குழாயில் 6 முதல் 8 மி.மீ. வரையான நீண்ட, ஆழமில்லாத பள்ளத்தால் சக்தி குறைவது தெரியாது. வெல்டிங்கிலிருந்து 25 மி.மீ.க்குள் தட்ட வேண்டாம். செராமிக் பூச்சு உரிந்துவிடும், ஆகவே இந்த வேலையெல்லாம் பூச்சுக்கு முன்பே முடியட்டும்.

அதற்கு மேல் இடம் வேண்டுமென்றால் வெட்டி ஒட்டுவதுதான் நியாயம். வண்டியிலேயே பொருத்தி, பேட்டரியையும் ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இணைப்பையும் கழற்றிவிட்டு, நான்கு புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு வெளியே எடுத்து முழுதாக ஒட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் குழாயின் உள்ளே ஆர்கான் வாயு ஓடட்டும். சேஸிஸ் சட்டத்தை வெட்டி இடம் தேடுவதை மட்டும் செய்யாதீர்கள். வெட்டிய பிறகு பலப்படுத்தாத சட்டம் அந்த இடத்திலேயே விரிசல் விடும்.

திரும்பப் பொருத்துமுன் முகப்பில் நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள். 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் தட்டையாக்காமல் பொருத்தாதீர்கள், கேஸ்கெட் தாங்காது. நடுவிலிருந்து இரு ஓரம் நோக்கி இறுக்குங்கள். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) நிறுவனத்தின் எல்எஸ் வகை வி8 என்ஜினின் எம்8 போல்ட்டுகளுக்கு முதல் சுற்று 15, இரண்டாம் சுற்று 25 நியூட்டன் மீட்டர். என்ஜினை ஒருமுறை நன்றாகச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, அதே அளவில் மறுபடி இறுக்குங்கள். சூட்டைத் தடுக்க ஹெட்டரில் துணிப்பட்டை சுற்றுவதைவிட, 10 மி.மீ. காற்று இடைவெளி விட்ட தகடு நல்லது. பட்டை ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்புக் குழாயை அரிக்கும். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும் அடியில் படுத்து அந்தப் பளபளப்புத் தடத்தை மறுபடி தேடுங்கள், முதல் வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது.