சீன, ஜப்பானிய எழுத்தாளர்களை வாசிக்கத் தொடங்குவது எப்படி

எடுத்ததும் நாவலுக்குப் போக வேண்டாம். ஒரு சிறுகதை, ஒரு நோட்டு, ஒரு பேனா, இவை போதும். சீன, ஜப்பானியப் புத்தகங்களைப் பாதியில் மூடிவைப்பவர்களுக்குப் பெரும்பாலும் கதையோடு சண்டை இருப்பதில்லை. யார் யார் என்று பிடிபடாது, எந்தக் காலம் என்று தெரியாது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் முதல் நாளே தீர்த்துக்கொள்ளலாம்.

பெயர்

இரு நாட்டிலும் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். கவாபட்டா யசுனாரியில் கவாபட்டா குடும்பப் பெயர். ஆங்கிலம் வழியாக வரும் புத்தகங்கள் ஜப்பானியப் பெயரை மட்டும் பெரும்பாலும் திருப்பிப்போட்டு ‘யசுனாரி கவாபட்டா’ என்று அச்சிடுகின்றன, சீனப் பெயரைத் தொடுவதில்லை. நூலகப் பட்டியலில் தேடும்போது இரண்டு வரிசையிலும் தேடுங்கள். முராகாமி என்று மட்டும் குறித்துவைத்தால் ஹாருகியா, ரியூவா என்ற குழப்பம் வரும். இருவரும் வேறு வேறு ஆட்கள், எழுத்தும் வேறு.

ஒரு விலக்கு உண்டு. நட்சுமே சோசெகியை ஜப்பானியர்கள் ‘சோசெகி’ என்றே சொல்வார்கள். அது அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர், இயற்பெயர் கின்னோசுகே. பாஷோ, ஓகாய், இச்சியோ ஆகியோரும் இப்படியே. கவாபட்டா, மிஷிமா போன்றோரைக் குடும்பப் பெயரால் சொல்வது வழக்கம்.

நோட்டின் முதல் பக்கத்தில் புனைபெயருக்கு எதிரே இயற்பெயரை எழுதுங்கள். சீன எழுத்தாளர் லூ ஷுன் என்பவர் ஜோ ஷுரென். ‘லூ’ அவருடைய தாய்வழிக் குடும்பப் பெயர். லாவோ ஷ என்பவர் ஷு சிங்சுன், பா ஜின் என்பவர் லி யாவ்தாங், மிஷிமா யுகியோ என்பவர் ஹிராவோகா கிமிதகே. மோ யானின் இயற்பெயர் குவான் மோயே; ‘மோ யான்’ என்றால் ‘பேசாதே’ என்று பொருள். இவ்வளவு எழுதிக் குவித்தவருக்கு இப்படியொரு பெயர்.

சீனப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத இரண்டு முறைகள் புழக்கத்தில் இருந்தன. 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறைதான் இன்று பொது. பழைய பதிப்புகளில் லி போ என்று இருப்பவர் புதியவற்றில் லி பை, அங்கே T எழுத்தில் தொடங்கும் து ஃபூ இங்கே D எழுத்தில் தொடங்குவார். ஆள் ஒருவரே. பின்யினில் நாம் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று: ‘இசட்’டும் ‘எச்’சும் சேர்ந்து வந்தால் நம் கை தானாக ‘ழ’ போட்டுவிடும். அது ‘ஜ’வுக்கு நெருங்கிய ஒலி. ‘எக்ஸ்’ ‘ஷ’வுக்கும், ‘கியூ’ ‘ச்ச’வுக்கும் பக்கத்தில் வரும்.

ஆண்டுக் கணக்கு

ஜப்பானிய நூல்களில் பேரரசரின் ஆட்சிக் காலத்தை வைத்து, ‘மெய்ஜி 38’ என்பது போல ஆண்டு வரும். மெய்ஜிக்கு 1867ஐக் கூட்டுங்கள், தைஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925, ஹெய்செய்க்கு 1988. சீனக் குடியரசு ஆண்டுக்கும் 1911தான். சோசெகி 1867இல் பிறந்தவர் என்பதால் மெய்ஜி ஆண்டு எதுவோ அதுவே அவர் வயது. மெய்ஜி 33இல், அதாவது 1900இல், லண்டனுக்குப் படிக்கப் போனபோது வயது 33. பழைய முறையில் பிறந்ததுமே ஒரு வயது, புத்தாண்டுக்கு அடுத்தது என்று எண்ணுவார்கள். கதையில் வரும் வயது நம் கணக்கோடு ஒன்றிரண்டு இடித்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

லூ ஷுனில் தொடங்குங்கள்

முதல் கதை ‘கோங் யிஜி’ (1919). சில பக்கங்கள்தான். மதுக்கடையில் எடுபிடியாக இருந்த பையன் சொல்கிறான்: நீள அங்கி அணிந்தும் நின்றுகொண்டு குடித்த ஒரே வாடிக்கையாளர் கோங் யிஜி. இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டால் கதை திறந்துவிடும். நீள அங்கி படித்தவர்களின் உடை, அவர்கள் உள்ளே உட்கார்ந்து சாவகாசமாகக் குடிப்பார்கள். குட்டைச் சட்டைக்காரர்கள், அதாவது கூலி உழைப்பாளிகள், வெளியே நின்று குடிப்பார்கள். இவர் இரண்டிலும் சேராதவர். அவர் பாக்கி வைத்த 19 காசு கடைசிவரை பலகையில் தொடர்கிறது. வாசிக்கும்போது மற்றவர்கள் சிரிக்கும் இடங்களுக்கெல்லாம் கோடு போடுங்கள்.

அடுத்து ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ (1918). இதில் நடக்கும் பெரிய தவறு முன்னுரையைத் தாண்டிப் போவது. அது பதிப்பாளர் எழுதியதல்ல, கதையின் பகுதி. நாட்குறிப்பு எழுதியவன் குணமாகி அரசு வேலையைத் தேடிப் போய்விட்டான் என்று அங்கேதான் வருகிறது. மூலத்தில் முன்னுரை பழஞ்சீன நடையிலும், தொடரும் 13 குறிப்புகள் பேச்சு நடையிலும் உள்ளன. ‘குணமானவன்’ பழைய மொழிக்கே திரும்பிவிட்டான் என்ற குத்தல் மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் கரைந்துபோகும். முன்னுரையைச் செந்தமிழாக மனதில் ஒலிக்கவிட்டுப் படித்தால் ஓரளவு கிடைக்கும்.

இதற்குப் பிறகே வாழ்க்கை வரலாறு. ஷாவோசிங்கில் 1881இல் பிறந்தவர் லூ ஷுன். நோயாளித் தந்தைக்காக நாட்டு வைத்தியர்கள் கேட்டதை, மூன்றாண்டு உறைபனி கண்ட கரும்பைக்கூட, தேடி அலைந்தவர். பிறகு ஜப்பானின் செண்டாய் நகரில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். ரஷ்ய ஜப்பானியப் போர்க் காலத்து ஸ்லைடு படம் ஒன்றில், உளவாளி என்று ஒரு சீனரின் தலையை வெட்டப்போவதைச் சீனர்களே கூடி நின்று வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, 1906இல் படிப்பை விட்டார். இது 1922இல் தன் முதல் தொகுப்புக்கு அவரே எழுதிய முன்னுரையில் சொன்னது, 16 ஆண்டு கழித்து எழுதிய நினைவு என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ‘மருந்து’ கதையையும், 9 அத்தியாயங்கள் கொண்ட ‘ஆ கியூவின் உண்மைக் கதை’யின் கடைசி அத்தியாயத்தையும் எடுத்தால் அதே வேடிக்கைக் கூட்டம் நிற்கும். ஆ கியூவின் முதல் அத்தியாயம் மட்டும் ஏன் அவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறது என்று தோன்றினால், பத்திரிகையில் அது நகைச்சுவைப் பகுதிக்காக எழுதப்பட்டது.

ஜப்பானுக்கு

அகுதாகவா ரியூனோசுகேயின் ‘தோப்புக்குள்’ (1922) நல்ல வாசல். ஒரு கொலை, ஏழு வாக்குமூலங்கள். நோட்டில் ஏழு வரிசை போட்டு, யார் கொன்றது, எந்த ஆயுதம், கத்தி எங்கே போனது என்று நிரப்புங்கள். மூன்று பேர் ‘நான்தான்’ என்பார்கள், அதில் ஒருவர் செத்தவரே. உண்மையைக் கண்டுபிடிக்க முயன்றால் தோற்பீர்கள், ஒவ்வொருவரும் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்று பாருங்கள். குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தின் கதை இதுதான். அகுதாகவாவின் ‘ராஷோமோன்’ (1915) வேறு கதை, படத்துக்குத் தலைப்பும் வாயில் மண்டபமும் மட்டும் அங்கிருந்து போயின.

பிறகு சோசெகியின் ‘கொகொரோ’. 1914இல் நாளிதழில் 110 தவணைகளாக வந்த நாவல், மூன்று பாகங்களில் 36, 18, 56 என்று பிரியும். ஒரு நாளைக்கு நான்கு தவணை வைத்தால் மாதத்துக்குள் முடியும், ஒரே மூச்சில் படித்தால் இடைவெளிகளின் கனம் தெரியாது. 1912 ஜூலையில் மெய்ஜி பேரரசர் இறந்தார், செப்டம்பரில் அவர் இறுதி ஊர்வல நாளில் தளபதி நோகி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த இரண்டும் தெரியாமல் மூன்றாம் பாகம் புரியாது.

தசாய் ஒசாமு, மிஷிமா, அகுதாகவா மூவரும் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள். அதை மனதில் வைத்து ஒவ்வொரு வரியிலும் சாவைத் தேடுவது சோம்பேறி வாசிப்பு. தசாயில் ‘ஓடு மெலோஸ்’ (1940) முதலில் படியுங்கள், நட்பைப் பற்றிய துள்ளலான கதை. 1948இல் வந்த ‘மனிதத் தகுதி இழந்தவன்’ அதற்கு அப்புறம்.

மொழிபெயர்ப்பைச் சோதித்தல்

உரிமைப் பக்கத்தில் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பாருங்கள். லாவோ ஷவின் ரிக்‌ஷாக்காரன் நாவல்தான் சரியான பாடம். 1945இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு சோக முடிவை மகிழ்ச்சியாக மாற்றிவிட்டது. 1955இல் சீனாவிலேயே வந்த திருத்திய பதிப்பில் இறுதிப் பகுதி நீக்கப்பட்டது. உங்கள் கையில் உள்ளதில் 24 அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நாயகி பிழைத்து, இருவரும் சேர்ந்தால் அது வேறு புத்தகம்.

கவாபட்டாவின் ‘பனிநாடு’ முதல் வாக்கியத்தில் மூலத்தில் ரயில் என்ற சொல்லே இல்லை. நீண்ட சுரங்கத்தைத் தாண்டியதும் பனிநாடு என்ற அளவில் நிற்கிறது. ஆங்கிலத்துக்கு எழுவாய் வேண்டும் என்பதால் ரயில் உள்ளே வந்தது. எழுவாய் இல்லாமலே பேசத் தெரிந்த தமிழில் அது தேவையே இல்லை. உங்கள் பதிப்பின் முதல் வரியைப் பார்த்தாலே எந்த வழியாக வந்தது என்று ஊகிக்கலாம்.

பெரிய புத்தகங்கள்

சீன நாவல் ‘செம்மாடக் கனவு’ 120 அத்தியாயங்கள். முதல் 80 சாவோ ஷ்வெச்சின் எழுதியவை. 1791இல் அச்சேறியபோது வந்த மீதி 40ஐப் பற்றிய சர்ச்சை ஓயவில்லை. கதைக் குடும்பத்தின் இரு கிளைகள் வாழும் நிங்குவோ, ரோங்குவோ மாளிகைகளுக்குத் தனித்தனி வம்சப் படம் போடாமல் உள்ளே நுழைய வேண்டாம்.

முராசாகி ஷிகிபுவின் ‘கெஞ்சியின் கதை’ 54 அத்தியாயங்கள், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இங்கே பாத்திரங்களைப் பெரும்பாலும் பதவியால் சொல்வார்கள், பதவி உயர்ந்தால் அழைப்பும் மாறும். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அத்தியாய எண்ணோடு புதிய பதவியை எழுதிவாருங்கள். ஆர்தர் வேலியின் ஆங்கிலப் பதிப்பில் 38ஆம் அத்தியாயம் விடுபட்டிருக்கிறது, அதை வேறு பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம். கடைசிப் பத்து அத்தியாயங்கள் பெரும்பாலும் ஊஜி என்ற ஊரில் நடக்கின்றன. கெஞ்சி அதற்குள் இறந்திருப்பான், அடுத்த தலைமுறைக்குப் புதிய பக்கம் திறக்க வேண்டியிருக்கும்.