பழைய பிளாஸ்டிக் தகட்டை லேசர் வெட்டு இயந்திரத்தில் வைப்பதற்கு முன்

கழற்றிப் போட்ட விளம்பரப் பலகையிலிருந்தோ, பழுதடைந்த கணினித் திரையிலிருந்தோ எடுத்த தகடு அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா என்று ஆராய்வதற்கு முன்பு, அதில் குளோரின் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். குளோரின் கொண்ட பிளாஸ்டிக்கான பி.வி.சி., லேசரின் வெப்பத்தில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். அது ஈரப்பதத்துடன் சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி, வெட்டுபவரின் நுரையீரலையும் இயந்திரத்தின் தண்டவாளங்களையும் கண்ணாடிகளையும் அரிக்கும். ஆகவே "ஒரு மூலையில் வெட்டிப் பார்த்துவிடலாம்" என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.

தகட்டின் மேல் உள்ள பாதுகாப்புத் தாளில் வகையின் பெயர் அச்சிடப்பட்டிருக்கலாம்; முக்கோணக் குறிக்குள் 3 என்ற எண் இருந்தால் அது பி.வி.சி., மேற்கொண்டு சோதனை தேவையில்லை. 7 என்ற எண் "பிற வகைகள்" என்பதை மட்டுமே குறிப்பதால், அதை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.

குறி எதுவும் இல்லையெனில் செம்புக் கம்பிச் சோதனையே நம்பகமானது. காற்றோட்டமான வெளியிடத்தில், உறை நீக்கிய தடித்த செம்புக் கம்பியை இடுக்கியால் பிடித்து, சுவாலையில் பச்சை நிறம் சிறிதும் தோன்றாத வரை பழுக்கக் காய்ச்சுங்கள். பிறகு அந்தச் சூடான முனையைத் தகட்டில் தொட்டு, சிறிதளவு உருகி ஒட்டிக்கொண்டதும் மீண்டும் சுவாலையில் காட்டுங்கள். முதலில் மஞ்சளாக எரிவது இயல்பு. அதன்பின் தெளிவான பச்சை தெரிந்தால் குளோரினோ புரோமினோ இருக்கிறது என்று கொண்டு தகட்டை ஒதுக்கிவிடலாம். அந்தப் பச்சை எப்படியிருக்கும் என்று கண்ணுக்குப் பழக, முதலில் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டில் செய்து பார்ப்பது நல்லது. விளம்பரப் பலகை அக்ரிலிக்கின் மேல் ஒட்டியிருக்கும் வினைல் படலம் பெரும்பாலும் பி.வி.சி.யே என்பதால், படலம், இரு முகங்கள், நடுப்பகுதி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஃபுளோரின் மட்டும் இச்சோதனையில் அகப்படாது; ஆகவே மெழுகு போல வழுக்கும் வெண்ணிறத் தகட்டை, அது ஃபுளோரின் கொண்ட டெஃப்லானாக இருக்கக்கூடும் என்பதால், தொடாமலிருப்பதே நலம்.

உப்புநீரில் மிதக்கவிடுவது துணைச் சோதனைதான். 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் உப்பைக் கரைத்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.2 ஆகும், அடர்த்தி 1.18 அளவிலுள்ள அக்ரிலிக் துண்டு அதில் மிதக்க, கெட்டியான பி.வி.சி. மூழ்கும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் துடைத்துவிட மறக்கக் கூடாது. ஆனால் நுரைத்த பி.வி.சி. பலகை சாதாரண நீரிலேயே மிதக்கும். மிதப்பதைக் கொண்டு மட்டும் அதைப் பாதுகாப்பானது என்று முடிவு செய்தவர் ஏமாந்துபோவார்.

குளோரின் இல்லையென்று தெரிந்தபின், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து ஒரு மெல்லிய கீற்றை வளைத்துப் பாருங்கள். அக்ரிலிக் சட்டென்று முறியும். பாலிகார்பனேட் முறியாமல் மடங்கும். பாலிகார்பனேட் லேசரில் மஞ்சளாகக் கருகிப் புகை கக்கும், ஏ.பி.எஸ். என்ற மற்றொரு பிளாஸ்டிக் உருகுவதோடு ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவையும் வெளியிடக்கூடும். இரண்டையும் ரம்பத்தால் அறுப்பதே நல்லது. பழைய எல்.சி.டி. திரைக்குள் ஒளியைப் பரப்பும் தடித்த தெளிவான தகடு பெரும்பாலும் அக்ரிலிக்காகவே இருக்கும். தேடுபவருக்கு அது நல்ல புதையல், எனினும் அதையும் சோதிக்காமல் வைக்க வேண்டாம்.

இத்தனையும் கடந்த தகட்டில் மட்டும், புகைபோக்கியை இயக்கிவிட்டு, அருகிலேயே நின்று சிறு சதுரம் ஒன்றை வெட்டுங்கள். விளிம்பு பளபளப்பாக இல்லாமல் பழுப்பாகவோ புகைக்கரியுடனோ இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.