படகு ட்ரெய்லரின் டிஸ்க் பிரேக்: பராமரிப்பும் கோளாறு கண்டறிதலும்

டர்பன், உம்கோமாஸ், ஷெல்லி பீச் எனக் குவாசுலு-நடால் கரையில் படகு இறக்குவோரின் ட்ரெய்லர், அச்சு வரை உப்புநீரிலும் மணலிலும் நனைந்துதான் வீடு திரும்புகிறது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 3,500 கிலோ வரை உந்து பிரேக் போதும். இழுக்கும் வண்டி வேகம் குறையும்போது பின்னால் வரும் பாரம் உந்த, கொண்டியின் சறுக்குப் பகுதி உள்ளே போய் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தி, பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களின் காலிப்பர்களை, அதாவது டிஸ்கை இருபுறமும் பேட்களால் கவ்வும் பகுதிகளை, இறுக்குகிறது. ஓட்டுநரின் மிதிக்கும் இதற்கும் குழாய்த் தொடர்பு இல்லாததால், இங்கே ஏற்படும் கோளாறு காலுக்குத் தெரிவதில்லை; நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

அதற்கு நம்பகமான வழி வெப்பத்தைப் பார்ப்பதே. சில முறை பிரேக் போட்டு ஓட்டிய பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் டிஸ்கையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கவும். எக்காரணம் கொண்டும் தொட்டுப் பார்க்கக் கூடாது. எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் காலிப்பர் வேலை செய்யவில்லை. எல்லாமே குளிர்ந்திருந்தால் ஆயில் குறைவு, குழாயில் காற்று, அல்லது பின்னோக்கிப் போகையில் பிரேக் பிடிக்காமல் தடுக்கும் ரிவர்ஸ் வால்வு அடைபட்டு நிற்பது காரணமாகலாம். எல்லாமே கொதித்தால் சறுக்குப் பகுதி துருவில் சிக்கியிருக்கும், அல்லது ட்ரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் பிரேக் போடுவதற்கென உள்ள அவசரக் கம்பி எங்கோ மாட்டி இழுபட்டுப் பூட்டிக்கொண்டிருக்கும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரை டிஸ்குக்குப் பொருத்தினாலும் இப்படி ஆகும். அதிலுள்ள வால்வு குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைப்பதால் பேட்கள் டிஸ்கை விடாமல் உரசும்.

ஒரே சக்கரம் கொதிக்கும்போதுதான் பலர் அவசரப்பட்டுக் காலிப்பரை வாங்கிவிடுகிறார்கள். முதலில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்ற இரைச்சலும் ஆட்டமும் இருந்தால் குற்றம் பேரிங்குடையது. சக்கரம் இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் காற்றை வெளியேற்றுவதற்கென உள்ள நிப்பிளைச் சற்றே திறக்கவும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் குழாயில் சிறைபட்டிருக்கிறது என்று பொருள். ரப்பர் குழாய் உட்புறம் வீங்கியிருக்கக் கூடும். திறந்த பின்னும் இறுக்கம் தளராவிட்டால் பேடை அழுத்தும் பிஸ்டனோ, காலிப்பர் நகர்வதற்கான சறுக்கு ஊசிகளோ பிடித்துக்கொண்டுள்ளன.

ஊசிகளே அதிகம் கெடுகின்றன. கழற்றினால், கிழிந்த ரப்பர் உறைக்குள் கிரீஸ் மணலோடு சேர்ந்து சாம்பல் நிறப் பசையாகக் கெட்டிப்பட்டிருக்கும். உள்பக்க பேட் தகடு வரை தேய்ந்திருக்க, வெளிப்பக்க பேட் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். ஊசியில் பள்ளம் விழாதிருந்தால் துடைத்து, சிலிக்கான் வகைப் பிரேக் கிரீஸ் பூசி, புது உறையோடு மாட்டலாம். சாதாரணப் பேரிங் கிரீஸ் ரப்பரை உப்பச் செய்யும் என்பதால் இங்கே ஆகாது. பேட் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இரு சக்கரங்களிலும் சேர்த்தே மாற்றவும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 205 டிகிரி செல்சியஸ். நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140. ஆயில் கொதித்து ஆவியானால் பிரேக் பிடிக்காது. பைன்டவுனை நோக்கி ஃபீல்ட்ஸ் ஹில் சாலைச் சரிவில் இறங்கும்போது, சிறு கியரில் போனாலும் பாரம் கொண்டியை உந்திக்கொண்டேயிருப்பதால் இந்த வேறுபாடு அற்பமானதன்று. ஆகவே ஆண்டுக்கொரு முறை ஆயிலை மாற்றுவது நல்லது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, நிப்பிளில் உள்ளே தெரியும் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் புது ஆயிலுள்ள புட்டியில் அமிழ்த்தவும். உதவியாளர் கொண்டியின் தண்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி அழுத்தும்போது நிப்பிளைத் திறந்து, தண்டு திரும்புமுன் மூடவும். குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை தொடருங்கள். தொட்டி வற்றவே கூடாது. எவ்வளவு எடுத்தும் காற்று தீராவிட்டால், இடவலம் மாறிப் பொருத்தப்பட்ட காலிப்பரில் நிப்பிள் கீழ்ப்புறம் அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னோக்கி ஏற்றும்போது ட்ரெய்லர் அடம்பிடித்தால், ரிவர்ஸ் லைட் கம்பியிலிருந்து 12 வோல்ட் பெறும் ரிவர்ஸ் வால்வைச் சோதிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியர் போடுகையில் வால்விலிருந்து ‘டிக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வால்வைப் பழிக்குமுன் பிளக்கின் பச்சை படிந்த முனைகளையும் எர்த் இணைப்பையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

கரைக்கு வந்தவுடன் படகை இறக்காமல் சற்றுக் காத்திருப்பது நல்லது. சூடான ஹப் கடல்நீரில் அமிழ்ந்தால், உள்ளே சுருங்கும் காற்று சீல் வழியே நீரை உறிஞ்சிவிடும். திரும்பியதும், நாளை என்று தள்ளிப்போடாமல், காலிப்பரின் உட்புறமும் கொண்டியின் சறுக்குப் பகுதியும் நனைய நன்னீரால் கழுவவும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் 80 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடியும் இறுக்கிப் பார்க்கவும்.