ஒரே பெயர், வேறு வேறு ஆள்: பழைய அமெரிக்க வம்சாவளித் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விர்ஜீனியாவில் பிறந்து, சுதந்திரப் போரில் சண்டையிட்டு, கென்டக்கி வழியாக ஒஹையோ போய்ச் சேர்ந்த ஒரு ஜானையோ வில்லியமையோ தேடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பெயர் பொருந்தியதும் ஆளும் அவரே என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரே கவுண்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது அன்று சகஜம். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்று இருந்தால் அப்பா, மகன் என்று எழுதிவிடாதீர்கள். ஊரில் மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக் காட்டப் போட்ட அடையாளம் அது. அவர்கள் சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம். உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்தால் ஜூனியரே சீனியர் ஆகிவிடுவார்.

இவர்களைப் பிரித்தெடுக்க வரிப் பட்டியல்தான் கைகொடுக்கும். விர்ஜீனியாவில் 1782 முதல் உள்ள பட்டியல்களை ஆண்டு விடாமல் பாருங்கள். எத்தனை ஆண்கள், எத்தனை குதிரைகள் என்று குறித்துக்கொண்டே வந்தால் இரண்டு குடும்பங்கள் தானாகப் பிரிந்து தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அளவுக்கு மீறி நம்புவது அடுத்த தவறு. 1790 முதல் 1840 வரை பொதுவாகக் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். அந்த எண்களெல்லாமே அவருடைய பிள்ளைகள் என்று சொல்ல முடியாது: வேலையாள், மருமகன், அனாதைப் பிள்ளை யாராகவும் இருக்கலாம். தலைவருக்கு என்ன உறவு என்பது 1880-இல்தான் பதிவானது. 1820-இல் ஒரு பொறி இருக்கிறது. 16 முதல் 18 வயது ஆண்களுக்கு ஒரு கட்டம், 16 முதல் 26 வரைக்கு இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் வந்த பையன் இரண்டாவதிலும் எண்ணப்பட்டிருப்பான். இரண்டையும் கூட்டினால் இல்லாத மகன் ஒருவன் பிறந்துவிடுவான்.

போர்ச் சேவைக்கு வருவோம். 1800 நவம்பரில் போர்த் துறை அலுவலகம் தீப்பிடித்து ஏராளமான ஆவணங்கள் அழிந்தன. ஆகவே பதிவு கிடைக்காததை வைத்து அவர் போரிடவில்லை என்று சொல்ல முடியாது. பென்ஷன் மனு தள்ளுபடியானதும் அப்படித்தான்: 1832 சட்டப்படி குறைந்தது ஆறு மாதச் சேவை வேண்டும், நான்கு மாதம் மிலிஷியாவில் (உள்ளூர்க் குடிமக்கள் படை) இருந்தவருக்குக் கிடைக்காது. தள்ளுபடியான கோப்பையும் கட்டாயம் படியுங்கள். அந்தச் சட்டத்தின்கீழ் மனுதாரரிடம் கேட்ட கேள்விகளில் எங்கே பிறந்தார், படைக்கு அழைத்தபோது எங்கே குடியிருந்தார், போருக்குப் பிறகு எங்கெல்லாம் வாழ்ந்தார் என்பவை உண்டு. முழு இடப்பெயர்ச்சியும் அவர் வாய்மொழியாகவே கிடைக்கும். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் இந்தப் பென்ஷன் கோப்புகளை எடுத்த மைக்ரோஃபிலிமில் எம்804 வரிசைதான் முழுக் கோப்பு. எம்805-இல் பெரிய கோப்புகளிலிருந்து பொறுக்கிய பக்கங்களே இருக்கும்.

நிலமானியச் சீட்டு (போர்ச் சேவைக்காக நிலம் பெறும் உரிமைச் சீட்டு) கிடைத்தது என்பதற்காக அவரை அந்த நிலத்தில் குடியேற்றிவிடாதீர்கள். பலர் சீட்டை வியாபாரிகளுக்கு விற்றுவிட்டு ஊரிலேயே இருந்தார்கள்.

எல்லைகளும் நகர்ந்துகொண்டே இருந்தன. இன்றைய கென்டக்கி 1776-இல் விர்ஜீனியாவின் ஒரு கவுண்டி. 1780-இல் அது மூன்றாகப் பிரிந்தது. 1792-இல் தனி மாநிலம். குடும்பம் அசையாமலே மூன்று முகவரி மாறியிருக்கும். பதிவு எந்த ஆண்டோ, அந்த ஆண்டின் கவுண்டி நீதிமன்றத்தில் தேடுங்கள்.

பழைய ஊரின் வரிப் பட்டியலிலிருந்து அவர் மறைந்த பிறகும் அங்குள்ள கிரயப் பத்திரங்களை விட்டுவிடாதீர்கள். விட்டுவந்த நிலத்தைப் பின்னாளில் விற்கும்போது, ‘கென்டக்கி மாநிலம், இன்ன கவுண்டியில் வசிக்கும்’ என்று விற்பவரைக் குறித்திருப்பார்கள், பல சமயம் மனைவியின் பெயரோடு. இரண்டு ஊர் ஜானும் ஒருவரே என்பதற்கு அந்த ஒற்றை வரி வலுவான சான்று.