குடும்பத்தோடு கேம்பிங் போக பிக்கப்பைத் தயார் செய்கிறீர்களா? முதலில் எடை மேடைக்குப் போங்கள்

ஆஸ்திரேலியாவில் பிக்கப்பை யாரும் பிக்கப் என்று சொல்வதில்லை, யூட் என்பார்கள். சிட்னியின் மேற்குப் பக்கம் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டு வாசலில் டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள) யூட் நிற்கிறது. வாங்கிய மூன்றாம் மாதம் முன்பக்க இரும்புத் தடுப்பான புல்பார் வரும், ஆறாம் மாதம் இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய் வரும், வருஷம் முடிவதற்குள் கூரை மேல் டென்ட் ஏறிவிடும். நானும் அந்த வரிசையில் நின்று பணத்தைக் கொட்டியவன்தான். கொட்டிய பிறகு புரிந்தது, நான் செய்த தவறுகளில் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றுதான்: எடையைக் கணக்குப் பார்க்கவில்லை.

சில வருஷத்துக்கு முந்தைய டொயோட்டா ஹைலக்ஸ் எஸ்ஆர்5 டபுள் கேப் டீசலை எடுத்துக்கொள்வோம். வெற்று எடை 2,100 கிலோவை ஒட்டி இருக்கும். ஆள், சாமான் எல்லாம் ஏற்றியபின் 3,050 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆக, நமக்குக் கிடைப்பது 950 கிலோ. ஏராளமாகத் தெரிகிறது, இல்லையா?

இப்போது ஏற்றிப் பாருங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்: 250. இரும்பு புல்பாரும், சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும்: 95. பின்னால் தொட்டியை மூடும் கேனப்பி: 120. அதற்குள் டிராயர்கள்: 70. ரூஃப்டாப் டென்ட்: 65. சாப்பாட்டோடு ஃப்ரிட்ஜ்: 50. தண்ணீர் 80 லிட்டர் என்றால் 80 கிலோ. இரண்டாவது ஸ்டெப்னி: 35. கூடுதல் பேட்டரியும் வயரிங்கும்: 35. அடியில் காப்புத் தகடுகள்: 35. இரண்டு கேன் டீசல்: 40. டூல்ஸ், இழுவைக் கயிறு வகையறா: 40. நாற்காலி, அடுப்பு, படுக்கை, துணிமணி: 80. கூட்டினால் 995. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வரம்பு தாண்டியாயிற்று. பின்னால் கேரவனும் மாட்டினால், கொக்கியில் அது அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். 2,000 கிலோ கேரவன் என்றால் சாதாரணமாக 200 கிலோ அங்கே உட்காரும்.

தாண்டினால் என்ன ஆகும்? போலீஸ் நிறுத்தி எடை போடலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று இதுவாக இருக்கலாம். அதைவிட முக்கியம், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பின்சீட்டில் இருப்பது நம் பிள்ளைகள்.

சரி, மொத்த எடை வரம்புக்குள்தான் இருக்கிறது என்று வையுங்கள். அதை எங்கே வைத்திருக்கிறோம் என்பது அடுத்த சிக்கல். டபுள் கேப்பில் பின்தொட்டியின் பெரும்பகுதி பின் அச்சுக்குப் பின்னால்தான் நீட்டிக்கொண்டிருக்கும். பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 100 கிலோ வைத்தால், ஹைலக்ஸில் பின் அச்சு தாங்குவது 132 கிலோ. மிச்ச 32 கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழிந்துவிடும். ஏற்றமரம் மாதிரிதான், ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை தூக்கும். ஸ்டியரிங் லேசாகிவிட்டது, எதிரில் வருகிறவர்கள் நம் ஹெட்லைட் கண்ணில் அடிக்கிறது என்று லைட் போட்டுக் காட்டுகிறார்கள் என்றால் இதுதான் காரணம்.

பின்பக்கம் தொங்குகிறதே என்று பலர் ஏர்பேக் உதவி ஸ்பிரிங் (பின் அச்சுக்கு மேல் வைக்கும் காற்றுப் பை) மாட்டுவார்கள். காற்றடித்ததும் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வண்டியோடு வரும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை அடுக்கு) தன் சுமையை சேஸியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது. ஏர்பேக்கோ நடுவில் ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. அந்த நிலையில், மேற்கு ஆஸ்திரேலியாவில் டெர்பியிலிருந்து கிழக்கே போகும் கிப் ரிவர் ரோடு மாதிரி, துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாக இருக்கும் செம்மண் சாலையில் மணிக்கணக்காக ஓட்டினால், அந்த இடத்தில்தான் சேஸி வளைகிறது. கேபினுக்கும் தொட்டிக்கும் இடையிலான சந்து மேலே அகன்று, கீழே குறுகித் தெரியும். அப்புறம் அந்த வண்டியை நிமிர்த்துவதற்கு ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

வேறு ஸ்பிரிங் போட்டு, அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையே உயர்த்திக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. புது வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே செய்துகொண்டால் நாடு முழுக்கச் செல்லும். பதிவு செய்தபின் செய்தால் அந்தந்த மாநில விதிப்படி இன்ஜினியர் சான்று வாங்க வேண்டும். ஆனால் காகிதத்தில் எண் மாறியதால் சேஸியின் இரும்பு தடித்துவிடுவதில்லை. இந்த வேலைக்குப் பணம் செலவழிக்கும் முன், வழக்கமாக ஏற்றும் எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, பக்கத்தில் உள்ள எடை மேடையில் முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக எடை போட்டுப் பாருங்கள். நான் போட்ட அன்று என் மனைவி எடைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, அந்த வின்ச்சை ஒரு தடவையாவது தொட்டிருக்கீங்களா?" தொட்டதில்லை. அடுத்த வாரமே விற்றுவிட்டேன்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் போன்றவற்றுக்காக வைக்கும் இரண்டாவது பேட்டரியை நேராக இணைத்தால் அது முழுசாக ஏறவே ஏறாது. நடுவில், வோல்டேஜை வேண்டிய அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். லித்தியம் பேட்டரியை பானட்டுக்குள், இன்ஜின் சூட்டில் வைக்கக் கூடாது. உறைபனி இரவில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதில் சார்ஜ் ஏற்றவும் கூடாது. ஃபியூஸ் எப்போதும் பேட்டரிக்கு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். கடைசியில் வைத்தால் நடுவில் உரசும் வயருக்குக் காவல் இல்லை.

எனக்கு வயரிங் செய்துகொடுத்த பட்டறையில் ஃப்ரிட்ஜுக்கு மெல்லிய வயரைப் போட்டிருந்தார்கள். அந்த ஐந்து மீட்டர் வயரிலேயே வோல்டேஜ் இறங்கிப் போக, பேட்டரி நிறைந்திருந்தும் 'சார்ஜ் இல்லை' என்று ஃப்ரிட்ஜ் தானாக அணைந்துவிட்டது. அபர்கிராம்பி ஆற்றங்கரையில், ஜனவரி வெயிலில். உள்ளே இரண்டு நாளுக்கான இட்லி மாவு. காலையில் மூடியைத் திறந்தால் மாவு பொங்கி, டப்பாவைத் தாண்டி, வெண்ணெய், பால் பாட்டில் எல்லாவற்றையும் மூடியிருந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நான் ஃப்ரிட்ஜின் கம்பி இடுக்கில் புளித்த மாவைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

கூரை டென்ட் பற்றி ஒன்று. ஓடும்போது கூரை தாங்குவது பெரும்பாலான டபுள் கேப்களில் 100 கிலோவுக்குள்தான். அதில் ரேக்கின் எடையும் சேர்த்தி. நிற்கும்போது அதைவிடக் கூடுதலாகத் தாங்கும், அதனால்தான் நாலு பேர் ஏறிப் படுக்க முடிகிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நாலு வயசுப் பிள்ளை ஒன்றுக்கு வருகிறது என்று எழுப்பும்போது, தூக்கக் கலக்கத்தில் ஏணி இறங்கிப் பாருங்கள். பால் வாங்கப் போக வேண்டுமானாலும் வீட்டையே மடித்துக் கட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும்வரை தரை டென்ட்தான் என் கட்சி.

டயர் காற்றைக் குறைக்காமல் மண்ணில் இறங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நியூகாசில் பக்கம் ஸ்டாக்டன் கடற்கரையில் சிக்கி நிற்கிற வண்டிகளில் பாதி, 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் தானாகவே வெளியே வந்துவிடும். திரும்பக் காற்றடிக்க ஒரு கம்ப்ரசர் போதும். இந்த ஒரு சாமானுக்கு மட்டும் எடைக் கணக்கு பார்க்காதீர்கள்.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும்போது கயிற்றைக் கேரவன் மாட்டும் உருண்டையில் கட்டவே கூடாது. அது உடைந்தால் குண்டு மாதிரி பாயும். இந்த நாட்டில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேஸியில் போல்ட் போட்ட, எவ்வளவு தாங்கும் என்று எண் குறித்த கொக்கியில்தான் கட்ட வேண்டும். கயிறு விறைக்கும் நேரத்தில் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மனைவியின் வேலை. அவள் கை காட்டாமல் நான் கிளட்ச்சை விடுவதில்லை.